பிக்கப் பின்தொட்டிக்குச் சாய்வு மூடி: பீடோர் பக்கத்து வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஒரே நாளில் 3.35 வெள்ளிக்கு ஏறியது. அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு பேராக் மாநிலத்தில் பீடோர், தாப்பா, சுங்காய், லங்காப் பக்கம் இன்னும் ஓயவில்லை. இங்கே பிக்கப் இல்லாமல் தோட்ட வேலையும் இல்லை, காய்கறி வியாபாரமும் இல்லை. டீசல் மிச்சமாக என் வண்டியின் பின்தொட்டி மேல் நான் செய்து மாட்டியிருக்கும், கூரையிலிருந்து பின்பக்கம் சாய்ந்து இறங்கும் மூடியைப் பார்த்து எண்ணெய் போடும் இடத்தில் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். நின்றபடி நாலு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்குப் பதில் இதோ.

அண்ணே, பீடோரிலிருந்து கோலாலம்பூர் பக்கம் செலாயாங் மொத்தச் சந்தைக்கு வாரத்தில் ஐந்து நாள் கொய்யா ஏற்றிப் போகிறேன். இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் ஹைலக்ஸ் பிக்கப். மூடி போட்டால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? கூட்டிச் சொல்லாமல் சொல்லுங்கள்.

தம்பி, முதலில் உங்கள் டீசல் எங்கே போகிறது என்று பார்ப்போம். சமதளச் சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு விசைகள் தடுக்கின்றன. ஒன்று டயர் உருளும் தடை. இரண்டு டன் வண்டிக்கு அது சுமார் 235 நியூட்டன் (பத்து நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்குச் சமம்). வேகம் கூடினாலும் பெரிதாக மாறாது. மற்றது காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. உங்கள் அளவு வண்டிக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் 60 கிலோமீட்டர் வேகத்தில் 180 நியூட்டன், 90இல் 400, 110இல் 600 வரும். அதாவது பிளஸ் எனும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் 110இல் போகும்போது உங்கள் எஞ்சின் படும் பாட்டில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் காற்றுக்கே போய்விடுகிறது.

நன்றாகச் செய்த சாய்வு மூடி இந்தக் காற்றுத் தடையில் பத்து சதவீதம் குறைக்கும் என்று வையுங்கள். 600இல் 60 போகிறது. மொத்தத் தடையான 835இல் அது 7 சதவீதம். எஞ்சினின் உள் உராய்வு, ஏர்கான், டோல் சாவடியில் நின்று கிளம்புவது எல்லாம் சேர்ந்து அதைக் கொஞ்சம் தின்றுவிடும். டீசலில் 5 சதவீதம் என்று எதிர்பாருங்கள். நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வண்டியில் அரை லிட்டர். மாதம் 5,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் 25 லிட்டர். லிட்டர் 3 வெள்ளி என்று கணக்குப் போட்டால் 75 வெள்ளி. சுமை ஏற்றியிருக்கும்போது டயர் தடை கூடும், அதனால் சதவீதம் குறையும். ஆனால் மிச்சமாகும் லிட்டர் ஏறக்குறைய அதேதான், ஏனென்றால் காற்றுக்கு உங்கள் கொய்யாவின் எடை தெரியாது.

மாதம் 75 வெள்ளி உங்களுக்குப் பெரிது என்றால் செய்யுங்கள். முப்பது சதவீதம் மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. அதே கணக்கில் 110ஐ விட்டு 90இல் போனால் மொத்தத் தடை 835இலிருந்து 635க்கு இறங்குகிறது. எந்த மூடியும் இவ்வளவு தராது. சந்தை நேரம் இடம் கொடுக்கிற நாளில் கால் மணி நேரம் முன்னால் கிளம்பி இடது பாதையில் போங்கள்.

நான் தோட்டத்துக்குள் மட்டும்தான் ஓட்டுகிறேன். உர மூட்டை, கூலியாட்களின் சாமான், சில நாள் செம்பனைக் குலை. எனக்கு வேண்டுமா?

வேண்டாம் அண்ணே. செம்மண் பாதையில் 30, 40இல் போகிற வண்டிக்குக் காற்றுத் தடை ஒரு பொருட்டே இல்லை. மூடியின் எடையைச் சும்மா சுமந்து திரிவீர்கள். உங்கள் பணத்தை நல்ல டயரில் போடுங்கள், காற்றழுத்தத்தை வாரம் ஒரு முறை பாருங்கள். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்குபவர்களுக்கும் இதே பதில்தான். அந்த வளைவுகளில் வேகமே கிடையாது; அங்கே டீசலைக் குடிப்பது ஏற்றமும் பிரேக்கும்.

பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் காற்று தடையில்லாமல் வெளியே போய்விடும், எண்ணெய் மிச்சம் என்று என் மாமா முப்பது வருடமாகச் சொல்கிறார். பின்கதவைக் கழற்றி வலை கட்டியும் ஓட்டுகிறார்கள். எது சரி?

மாமாவின் நினைப்பு கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பின்கதவு ஒரு சுவர், காற்று அதில் மோதுகிறது, சுவரை எடுத்தால் மோதல் இல்லை. ஆனால் கேபின் கூரையைத் தாண்டி வரும் காற்று நேராகப் பின்கதவில் போய் மோதுவதில்லை. பின்கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் காற்று ஒரு பெரிய சுழலாகச் சிக்கி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மேலே வரும் காற்றோட்டம் அந்தச் சுழலின் முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு பின்கதவைத் தாண்டிப் போகிறது. கதவைத் திறந்தால் அந்தச் சுழல் கலைந்து, கேபினுக்குப் பின்னால் காற்று தாறுமாறாகக் கீழே விழும். பெரும்பாலான பிக்கப்புகளில் கதவு மூடியிருப்பதே மேல். மிஞ்சிப்போனால் இரண்டும் சமம்.

திறந்த கதவில் வேறு ஆபத்தும் உண்டு. நம்பர் பிளேட் மறையும், பொருள் சரியும், பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரர் முகத்துக்கு நேராக இரும்பு நீட்டிக்கொண்டு நிற்கும். மாமாவிடம் மரியாதையாகச் சொல்லி மூட வையுங்கள்.

தொட்டியை மட்டமாக மூடும் தட்டைக் கவர் போட்டால் சில சதவீதம் காற்றுத் தடை குறையும். சாய்வு மூடி அதைவிட ஒரு படி மேல்.

சாய்வு என்றால் கேபின் கூரையிலிருந்து பின்கதவின் உச்சிக்கு நேராக ஒரு பலகையைச் சாய்த்தால் போதாதா? அதற்கு ஏன் இத்தனை அளவு பார்க்கிறீர்கள்?

இந்த ஒரு கேள்வியில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. நான் பார்த்த வீட்டு மூடிகளில் பாதி இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன.

வண்டியின் முகம் காற்றைப் பிளப்பதில்தான் எண்ணெய் போகிறது என்று எல்லோரும் நினைக்கிறோம். வண்டியின் முதுகுக்குப் பின்னால் காற்று நிரப்பாமல் விடும் இடமும் அதே அளவு முக்கியம். அங்கே அழுத்தம் குறைவு; அந்தக் குறைந்த அழுத்தம் வண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வரும். சாய்வு மூடியின் வேலை காற்றை மெதுவாகக் கீழே இறக்கி, அந்த வெற்றிடத்தைச் சின்னதாக்குவது. "மெதுவாக" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். சாய்வு அதிகமானால் காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிடும். பிரிந்த பிறகு அங்கே பலகை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

எவ்வளவு சாய்வு தாங்கும்? 1984இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் கார் போன்ற ஓர் எளிய மாதிரியின் பின்பக்கச் சாய்வை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். இன்றும் கார்க் காற்றியல் படிப்பவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். காற்றுத் தடை மிகக் குறைவாக வந்தது சுமார் 12.5 டிகிரியில். அதற்கு மேல் சாய்க்கச் சாய்க்கத் தடை ஏறி, 30 டிகிரியில் உச்சத்துக்குப் போனது. நடுவில் உள்ள கோணங்களில் சாய்வின் இரு ஓரங்களிலும் கயிறு திரித்த மாதிரி சுழல்கள் கிளம்பி வண்டியைப் பின்னுக்கும் மேலுக்கும் இழுக்கின்றன.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். டபுள் கேப் தொட்டியின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். கூரைக்கும் பின்கதவு உச்சிக்கும் உள்ள உயர வித்தியாசம் அரை மீட்டர் என்று வைத்தால், நேராகச் சாய்த்த பலகை 18 டிகிரிக்கு மேல் போகிறது. அது அதிகம். 12 டிகிரியில் ஒன்றரை மீட்டருக்கு 32 சென்டிமீட்டர்தான் இறங்க முடியும். மீதி 18 சென்டிமீட்டரை என்ன செய்வது? விட்டுவிடுங்கள். மூடியின் பின்முனை பின்கதவுக்கு மேல் அந்த உயரத்தில் நின்று, அங்கிருந்து செங்குத்தாக வெட்டியது போல முடியட்டும். வாலை நீட்டிக் கூர்மையாக்க முடியாத இடத்தில் சரியான சாய்வில் பாதி வரை கொண்டுவந்து வெட்டிவிடலாம், பெரிய நஷ்டம் இல்லை என்பது 1930களில் ஜெர்மனியில் வூனிபால்ட் காம் என்ற பொறியாளர் வழியாகப் பரவிய கருத்து. டொயோட்டா பிரியஸ் காரின் முதுகைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள், அந்த வெட்டு தெரியும்.

ஒரே கோணத்தைவிடப் படிப்படியாக இறக்குவது இன்னும் நல்லது. கூரையின் பின்முனை ஏற்கெனவே எந்தக் கோணத்தில் இறங்குகிறதோ அதே கோணத்தில் தொடங்குங்கள். முதல் 50 சென்டிமீட்டருக்கு 5 டிகிரி, அடுத்த 50க்கு 10, கடைசி 50க்கு 13 முதல் 15. மொத்தம் 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். மூன்று தட்டைப் பலகையாகவே இதைச் செய்யலாம். ஒவ்வொரு மடிப்பிலும் ஐந்து டிகிரிதான் மாறுகிறது என்பதால் காற்று ஒட்டிக்கொண்டே வரும்.

பக்கச் சுவர்களும் பின்னால் போகப் போக ஒவ்வொரு பக்கமும் எட்டு, பத்து சென்டிமீட்டர் உள்ளே ஒடுங்கட்டும். மேல் பரப்பும் பக்கச் சுவரும் சேரும் நீளமான ஓரத்தை உருட்டிவிடுங்கள். பின்முனையை மட்டும் உருட்டாதீர்கள். காற்று பிரிந்து போகிற இடம் அது; கூர்மையாக, எல்லாப் பக்கமும் ஒரே இடத்தில் பிரிய வேண்டும்.

என்னுடையது சிங்கிள் கேப். அதே கணக்கா?

உங்களுக்கு யோகம். தொட்டி 2.3 மீட்டர் நீளம் இருந்தால் அதே அரை மீட்டர் இறக்கம் 12 டிகிரிக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும். பின்கதவு உச்சி வரைக்கும் கொண்டுவரலாம். ஆனால் நடுவில் தாங்கு சட்டம் ஒன்று கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் நீண்ட பலகை வேகத்தில் அதிரும்.

எந்தப் பொருளில் செய்யலாம்? வீட்டில் மிச்சம் பிளைவுட் இருக்கிறது. மச்சான் ஃபைபர்தான் நல்லது என்கிறான்.

முதல் மாதிரியை எதிலும் செய்யாதீர்கள் என்பேன், பிளாஸ்டிக் அட்டையைத் தவிர. விளம்பரப் பலகைக்குப் பயன்படுத்துகிறார்களே, உள்ளே குழல் குழலாக ஓடும் அட்டை, அதுதான். கத்தியால் வெட்டலாம், மரச் சட்டத்தில் திருகலாம். உருவத்தை அதில் சரிபார்த்துவிட்டு நிஜப் பொருளுக்குப் போங்கள். மாதிரியோடு 80க்கு மேல் போகாதீர்கள்.

பிளைவுட் பழகிய பொருள், மலிவு. ஆனால் நம் ஊர் மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும்போது ஓரங்களில் தண்ணீர் ஏறி அடுக்கு பிரியும். 6 மில்லிமீட்டர் முழுத் தாள் ஒன்றே பத்து கிலோ வரும். செய்தே தீருவேன் என்றால் கடல் நீர் தாங்கும் வகையை வாங்கி, வெட்டிய ஓரம் ஒவ்வொன்றையும் ரெசின் பூசி அடையுங்கள்.

ஃபைபர் அழகாக வரும், வளைவு கிடைக்கும். வீட்டில் செய்பவர்கள் வழக்கமாக நுரைக்கட்டியைச் செதுக்கி அதன் மேல் ஃபைபர் துணி போடுவார்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. மீன்பெட்டி செய்கிற வெள்ளை நுரையின் மேல் சாதாரண பாலியெஸ்டர் ரெசினை ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். அந்த நுரைக்கு எபாக்சி ரெசின் வேண்டும். இல்லையென்றால் பாலியூரித்தேன் நுரைக்கு மாற வேண்டும். ரெசின் வேலையை மூடிய அறையில் செய்யாதீர்கள். தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.

நான் தேர்ந்தெடுத்தது அலுமினியம். ஒரு அங்குல அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே கடை முகப்புப் பலகைக்குப் போடும் இரட்டைத் தகடு. இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கும் வகை. 3 மில்லிமீட்டர் கனத்தில் சதுர மீட்டருக்கு 4 கிலோ சுற்றி வரும். பின்பக்கம் ஒரு கோடு சீவிவிட்டால் கையாலேயே மடியும், மேலே சொன்ன மூன்று பலகைச் சாய்வுக்கு இது கச்சிதம். மொத்தம் 25, 30 கிலோவுக்குள் முடியும்; இரண்டு பேர் தூக்கி இறக்கலாம். பொருளுக்கு 800 வெள்ளி ஒதுக்குங்கள். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டி எஞ்சிய துண்டுகள் கிடைத்தால் இன்னும் குறையும்.

அலுமினியம் தொட்டியின் இரும்பு விளிம்பை நேராகத் தொடக் கூடாது. மழை ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அரிப்பு சீக்கிரம் வரும். நடுவே ரப்பர் பட்டை, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டு.

மூடியைக் கேபின் கூரையோடு சேர்த்துத் திருகிவிட்டால் உறுதியாக இருக்குமே?

கூடவே கூடாது. கேபினும் தொட்டியும் தனித்தனியாகச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது பின்னால் நின்று பாருங்கள், இரண்டும் வேறு வேறு பக்கம் சாயும். சேர்த்துத் திருகினால் மூடி கிழியும், இல்லை கூரைத் தகடு கிழியும்.

மூடி தொட்டியில் மட்டும் நிற்கட்டும். கேபினுக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே காற்று நிரம்பிய கதவு ரப்பரை மூடியின் முன்விளிம்பில் ஒட்டுங்கள். அது கேபினை மெதுவாகத் தொட்டுக்கொண்டு அசையும். முன்விளிம்பு கூரையைவிட உயர்ந்துவிடக் கூடாது. அரை சென்டிமீட்டர் தாழ்ந்தால் பரவாயில்லை, ஏறினால் அதுவே புதுத் தடை.

நெடுஞ்சாலையில் பிய்த்துக்கொண்டு பறந்துவிடாதா? என் பயம் அதுதான்.

பயப்பட வேண்டிய விஷயம் அக்கா, நீங்கள் கேட்டது நல்லது. 110இல் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 540 நியூட்டன். மூடியின் மேற்பரப்பு இரண்டு சதுர மீட்டர். சாய்வின் மேல் காற்று வளைந்து போகும்போது மேல்நோக்கி உறிஞ்சும். அந்த அழுத்தத்தில் பாதி உறிஞ்சினாலே 55 கிலோ மேலே தூக்குகிறது. மூடியின் எடையோ 30 கிலோ. எதிரே பஸ்ஸும் லாரியும் கடக்கும்போது விழும் அடியை இதோடு சேருங்கள். எடையை நம்பி சும்மா வைத்துவிட்டுப் போனால் நிச்சயம் பறக்கும், பின்னால் வரும் குடும்பத்தின் மேல் விழும்.

தொட்டி விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் இரும்புக் கிளாம்ப் ஒரு பக்கத்துக்கு மூன்று, இரண்டு முன்மூலையிலும் தொட்டியின் கொக்கி வளையத்தோடு எஃகுக் கயிறு. கிளாம்ப் எல்லாம் தளர்ந்தாலும் கயிறு பிடிக்க வேண்டும். பூட்டு நட்டு போடுங்கள். முதல் வாரம் தினமும், பிறகு எண்ணெய் போடும்போதெல்லாம் கையால் அசைத்துப் பாருங்கள். பசையையும் டேப்பையும் மட்டும் நம்பிச் செய்த மூடியோடு நெடுஞ்சாலை ஏறுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மூடி இருந்தால் மழை படாது. வேலையாட்களையும் பிள்ளைகளையும் பின்னால் உட்கார வைக்கலாமா?

கூடாது அக்கா. சட்டமும் விடாது, நானும் விடமாட்டேன். வண்டிக்குப் பின்னால் குறைந்த அழுத்தம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அந்த இடத்தில்தான் புகைக்குழாயின் வாயும் இருக்கிறது. பின்கதவு இடுக்கு வழியாக டீசல் புகை மூடிக்குள் ஏறும். உள்ளே இருப்பவருக்கு முதலில் தூக்கம்தான் வரும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்புச் சூடு. நாய், ஆடு, கோழிக்கும் இதே பதில்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) பிடிப்பார்களா?

வண்டியின் அமைப்பு 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும் 1959ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளுக்கும் கட்டுப்பட்டது. நிரந்தரமாக ஒன்றைப் பொருத்துவதற்கு முன்னால் வரைபடத்தையும் அளவையும் எடுத்துக்கொண்டு ஜேபிஜே அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் சொல்லும் பரிசோதனையை முடித்து, அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். விபத்துக்குப் பிறகு தெரிவிப்பதில் பயன் இல்லை.

எப்படியும் செய்ய வேண்டியவை சில. பின்விளக்கு, சிக்னல், நம்பர் பிளேட் எதுவும் மறையக் கூடாது. மூன்றாவது பிரேக் விளக்கு கேபின் கூரையின் பின்னால் இருந்தால் அதைச் சாய்வு மூடி மறைத்துவிடும், அதனால் மூடியின் பின்முனையில் ஒன்று வையுங்கள். உள் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்ப்பதற்குப் பின்சுவரில் பாலிகார்பனேட் சன்னல் வேண்டும். அக்ரிலிக் விலை குறைவு, ஆனால் கல் பட்டால் வெடிக்கும்.

கடையில் விற்கும் பெட்டி மாதிரி கனோபி இதே பலன் தருமா?

பொருளைப் பூட்டி வைக்க அது நல்லது. டீசலுக்கு என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கூரை உயரத்திலேயே நேராகப் போய்ப் பின்னால் முழுச் சுவராக முடிகிறது. வண்டி இழுத்துக்கொண்டு போகும் வெற்றிடம் அப்படியே பெரிதாகத்தான் இருக்கும்.

மூடி செய்வதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

நிறைய. கூரைமேல் சும்மா நிற்கும் சாமான் கம்பிச் சட்டத்தைக் கழற்றுங்கள். சாய்வு மூடிக்கு வரும் காற்றைக் கலைப்பதும் அதுதான், அதை வைத்துக்கொண்டு மூடி செய்வது வீண். கூரையில் வரிசையாக மாட்டிய விளக்குகளும் அப்படியே. வண்டியை உயர்த்தி, சேற்று டயர் போட்டு நெடுஞ்சாலையில் ஓட்டும் தம்பிகள் இங்கே அதிகம். பார்க்க ஜோராக இருக்கிறது, சரி. ஆனால் உயர்த்திய ஒவ்வொரு அங்குலத்துக்கும் அடியில் காற்று மோதுகிறது, அந்தக் கட்டை டயர் உருளவும் முரண்டு பிடிக்கிறது. டயர் அழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள், காலையில் டயர் சூடாகும் முன்.

செய்து மாட்டிய பிறகு காற்று உண்மையில் ஒட்டிப் போகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பளி நூல். ஒரு விரல் நீளத்துக்கும் கொஞ்சம் கூட வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டி, மூடி முழுக்க வரிசையாக வையுங்கள். நண்பர் வேறொரு காரில் பக்கத்துப் பாதையில் வந்து, அவரோடு இருப்பவர் கைபேசியில் படம் எடுக்கட்டும். ஓட்டுகிறவர் எடுக்கக் கூடாது. நூல் எல்லாம் பின்னோக்கிப் படுத்து லேசாக நடுங்கினால் உங்கள் சாய்வு சரி. ஏதாவது இடத்தில் நூல் எழுந்து ஆடினாலோ முன்பக்கம் திரும்பினாலோ அங்கே காற்று பிரிந்துவிட்டது. அந்தப் பலகையின் கோணத்தை இரண்டு டிகிரி குறைத்து மறுபடியும் பாருங்கள். பிளாஸ்டிக் அட்டை மாதிரியிலேயே இதைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

டீசல் மிச்சத்தை அளப்பது எப்படி? மீட்டரில் காட்டுவது போதுமா?

மீட்டர் காட்டுவது ஒப்பிட உதவும், முழுசாக நம்ப வேண்டாம். மூடி இல்லாமல் ஒரு ஓட்டம், மூடியோடு ஒரு ஓட்டம், மறுபடியும் மூடி இல்லாமல் ஒரு ஓட்டம் என்று மூன்று வேண்டும். முதலாவதும் மூன்றாவதும் ஒத்துவந்தால்தான் நடுவில் கிடைத்ததை நம்பலாம். அவை இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் காற்றோ மழையோ உங்கள் காலோ மாறியிருக்கிறது.

அதே சாலை, போகவும் வரவும் இரண்டு திசையும், அதே வேகம், முடிந்தால் வேகத்தைப் பிடித்து வைக்கும் பொத்தானைப் போட்டு. விடியற்காலை நல்லது, காற்று அசையாது, லாரியும் குறைவு. சாலை ஈரமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், தண்ணீரைத் தள்ளவே டயருக்குக் கூடுதல் சக்தி போகும். எண்ணெய் நிலையத்தில் அதே குழாய், முதல் தடவை அது தானாக நிற்கும் அளவோடு நிறுத்துங்கள். பீடோரிலிருந்து தாப்பா வரை போய் வந்து அளந்தால் ஒன்றும் தெரியாது. குழாய் நிற்பதில் வரும் வித்தியாசமே நீங்கள் தேடும் மிச்சத்தைவிடப் பெரிது. ஒரு முழு டேங்க் டீசலாவது ஓட வேண்டும்.

மூடி போட்ட உற்சாகத்தில் எல்லோரும் கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டுவார்கள், டீசல் குறையும், மூடிக்குப் பெயர் கிடைக்கும். வேகத்தைப் பிடித்து வைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வாரத்தில் ஒரு நாள் உயரமான சாமான் ஏற்ற வேண்டியிருக்கிறது. கழற்ற முடியுமா?

முடிகிற மாதிரி செய்யுங்கள். கிளாம்பில் கையால் திருகும் பிடி, பிரேக் விளக்கு ஒயருக்குப் பிடுங்கிச் செருகும் இணைப்பு. கழற்றி வைத்த மூடியைச் சுவரில் சாய்க்காமல் தட்டையாக வையுங்கள், இல்லையென்றால் சட்டம் முறுகிவிடும். கொய்யாப் பெட்டிக்காரத் தம்பிக்கும் இது பொருந்தும்: சாய்வின் கடைசியில் பெட்டி எவ்வளவு உயரம் நிற்கும் என்று முதலில் அளந்து பாருங்கள். முன்வரிசையில் நாலு அடுக்கு, பின்வரிசையில் மூன்று என்று வந்துவிட்டால், குறைகிற பெட்டிகளின் வரும்படியையும் அந்த 75 வெள்ளியோடு சேர்த்து எடை போட வேண்டும்.

என் வண்டி பழைய மிட்சுபிஷி டிரைட்டன். எனக்கு அளவு போட்டுத் தருவீர்களா?

தருகிறேன். மூன்று அளவு வேண்டும். வண்டியைச் சமதளத்தில் சுமையில்லாமல் நிறுத்துங்கள். கேபின் கூரையின் பின்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூடிய பின்கதவின் உச்சி எவ்வளவு உயரம், கூரையின் பின்விளிம்பிலிருந்து பின்கதவின் வெளிப்பக்கம் வரைக்கும் கிடைமட்டமாக எவ்வளவு நீளம். அப்புறம் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், கூரை எந்தக் கோணத்தில் முடிகிறது என்று பார்க்க.